கவிழ்த்து வைத்த மங்கு

எங்கள் குடும்பத்தின் பழைய பொருட்கள் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் அடைத்துவிடலாம். தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை, இரண்டு கல்யாணப் படங்கள், அம்மாவின் தமிழ்ப்பள்ளித் தேர்ச்சி அறிக்கை, மழுங்கிப்போன ஒரு பால்வெட்டு உளி. அவ்வளவுதான். மூன்று தலைமுறை தோட்டத்தில் வாழ்ந்திருக்கிறோம். எழுதி வைத்தது என்று ஒரு தாள் கிடையாது.

டின்னுக்குள் அடங்காத ஒன்று சமையலறை ஜன்னலோரம் இருக்கிறது. உள்ளங்கையில் உட்காரும் அளவுக்கு ஒரு மண் கிண்ணம். வெளியே சொரசொரப்பு, உள்ளே பழுப்பு நிறத்தில் கண்ணாடி மாதிரி மெருகு. பாட்டி அதில் கல் உப்பு போட்டு வைத்திருக்கிறார். பால்மரத்தில் கட்டும் மங்கு அது. மலாயில் கிண்ணத்தை ‘மங்குக்’ என்பார்கள். தோட்டத்துத் தமிழ் அந்தக் கடைசி எழுத்தை உதறிவிட்டு சொல்லைத் தனதாக்கிக்கொண்டது.

பிறந்ததிலிருந்து பார்க்கிறேன் என்றாலும், அந்த மங்கை நான் உண்மையில் கவனித்தது 2020-இல்தான். மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. அப்போது ஸ்கூடாய் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் கடைசி ஆண்டு. விடுதியிலிருந்து கூலாய் வீட்டுக்கு வந்து மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தேன். அந்த நாட்களில் ஆளாளுக்கு ஏதோ ஒன்று செய்துகொண்டிருந்தது நினைவிருக்கும். ரொட்டி சுட்டார்கள், குரோஷே பின்னினார்கள், சோப்பு காய்ச்சினார்கள். நான் இணையத்தில் பத்து கிலோ களிமண் வாங்கினேன்.

சாப்பாட்டு மேசையில் பழைய கைலி ஒன்றை விரித்து, யூடியூப் பார்த்துப் பிசைய ஆரம்பித்தேன். மாதிரிக்கு எதைச் செய்வது என்று தேடியபோது கண்ணில் பட்டது மங்கு. பார்க்க சுலபமாக இருந்தது. கைப்பிடி இல்லை, மூடி இல்லை, பூ வேலை இல்லை. உப்பை வேறு டப்பாவில் கொட்டிவிட்டு, வெர்னியர் காலிப்பர் வைத்து வாய், அடி, உயரம் எல்லாம் அளந்து, அதே அளவில் ஆறு கிண்ணம் செய்தேன்.

கட்டுப்பாடு தளர்ந்ததும் ஜோகூர் பாருவில் சூளை வாடகைக்கு விடும் ஒரு கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறில் நான்கு வெடித்துப்போயின. நான் அடியை கனமாக விட்டிருந்தேன், உள்மண் காயவில்லை. 100 டிகிரியில் அந்த நீர் ஆவியாகி வெளியே வர வழி தேடும், வழி இல்லையென்றால் சுவரைப் பிளக்கும். பிழைத்த இரண்டும் அசலைவிடச் சின்னதாக இருந்தன. களிமண் காய்ந்து வெந்து முடிவதற்குள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். வெப்பவியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் செய்த வேலை இது.

பாட்டி இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார்.

“இதுக்குப் போயி காசு குடுத்து மண்ணு வாங்குனியா?”

“அந்தக் காலத்துல ஒரு நாளைக்கு எத்தனை மங்கு எடுப்பீங்க பாட்டி?”

“நெரைக்கு நானூறு மரம் இருக்கும். சில நெரைல ஐநூறு. மரத்துக்கு ஒண்ணு.”

“அதெல்லாம் யார் செஞ்சது?”

“யாருக்குமா தெரியும்? லோரில வரும், வைக்கோல் சுத்தி வரும். சீனவங்க செஞ்சதுனு சொல்லுவாங்க.”

அந்தப் பதிலில்தான் மாட்டிக்கொண்டேன். இருபது வருடத்துக்கு மேல் தினமும் நானூறு தடவை கையில் எடுத்த ஒரு பொருளை யார் செய்தார்கள் என்று பாட்டிக்குத் தெரியாது. செய்தவருக்கும் அது யார் கைக்குப் போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நம்முடைய தோட்ட வரலாற்றில் கப்பல் இருக்கிறது, கங்காணி இருக்கிறார், துரை இருக்கிறார். இந்தக் கிண்ணம் இல்லை.

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. மரத்துக்கு ஒரு மங்கு ஏன் தேவைப்பட்டது?

1877-இல் 22 ரப்பர் கன்றுகள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தை வெட்டும் முறையையே மாற்றினார். அதற்கு முன் கோடாரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் புண்ணாகி வீணாய்ப் போகும். ரிட்லி, சாய்வாக ஒரு கோடு போட்டு, அதே கோட்டின் ஓரத்தில் ஒவ்வொரு முறையும் மெல்லிய பட்டையை மட்டும் சீவும் முறையை உருவாக்கினார். மரம் சாகாது. திரும்பத் திரும்பப் பால் தரும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகத் தரும், சொட்டுச் சொட்டாகச் சில மணி நேரம் வடியும். அந்த நேரம் முழுக்க ஒவ்வொரு மரத்தடியிலும் ஒருவர் நிற்க முடியாது. ஆகவே அங்கே ஒரு பாத்திரம் நின்றது.

1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் முதல் வணிகத் தோட்டத்தைப் போட்டார். 1909-இல் ரயில் பாதை ஜோகூரைக் குறுக்காகக் கடந்து ஜோகூர் பாருவை அடைந்தது. ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று பாதையின் இரு பக்கமும் காடு ரப்பராக மாறியது. ஏக்கருக்கு நூறு மரம் என்று குறைத்தே கணக்குப் போட்டாலும் 2,000 ஏக்கர் தோட்டத்துக்கு இரண்டு லட்சம் மங்கு வேண்டும். உடைவதற்கு ஈடு கொடுக்கத் தனியாக வேண்டும்.

ஆரம்பத்தில் கொட்டாங்கச்சியைக் கட்டினார்கள். சின்னத் தோட்டக்காரர்கள் அதற்குப் பிறகும் ரொம்ப நாள் அதையே வைத்திருந்தார்கள். செலவில்லை. ஆனால் நாரில் பழைய பால் ஒட்டிக்கொண்டு புளிக்கும். புளித்த பால் புதுப்பாலையும் கட்டியாக்கிவிடும். கட்டிப்பாலுக்கு விலை குறைவு. தகரம் துருப்பிடித்துப் பாலைக் கறையாக்கும். கண்ணாடி உடையும். உள்ளே மெருகு பூசிச் சுட்ட மண்ணில் இந்தத் தொல்லைகள் குறைவு. விரலால் ஒரு சுற்று சுற்றினால் காய்ந்த பால் தோலாக உரிந்து வந்துவிடும். பாட்டியின் மங்கில் உள்ளே மட்டும் மெருகு இருப்பதற்குக் காரணம் இதுதான். வெளியே பூசுவது வீண் செலவு.

இதைச் செய்தவர்கள் தென்சீனத்திலிருந்து வந்த குயவர்கள், பெரும்பாலும் தியோச்சியூக்காரர்கள். அவர்கள் ஊர்ப்பக்கம் மண்பாண்டத் தொழிலுக்குப் பேர்போனது. ஜோகூரில் அவர்களுக்கு நல்ல வெள்ளைக் களிமண் கிடைத்தது, பக்கத்திலேயே ரப்பர்த் தோட்டங்கள் என்ற சந்தையும் கிடைத்தது. ஆயர் ஹீத்தாம் மண்பாண்டத்துக்குப் பேர் வாங்கியது. 1940-களில் ஆவ் எங் குவாங் என்ற தியோச்சியூக் குயவர் தொடங்கிய பட்டறை, ஆயர் ஹீத்தாமை அடுத்த மாச்சாப்பில் தன் டிராகன் சூளையோடு இன்றைக்கும் அறியப்படுகிறது. சிங்கப்பூர் ஜாலான் பஹாரில் 1940-இல் கட்டப்பட்ட தாவ் குவாங் சூளையும் ஒரு காலத்தில் ரப்பர் மங்கு சுட்ட சூளைதான். ரப்பர் போனபின் பூந்தொட்டிக்கும் அலங்காரச் சாமானுக்கும் மாறியது.

1994-இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறக்கும்வரை கோலாலம்பூரிலிருந்து தெற்கே வரும் பேருந்துகள் ஆயர் ஹீத்தாமில் நிற்கும் என்று அம்மா சொல்வார். சாலையோரக் கடைகளில் ஜாடியும் பூந்தொட்டியும் வரிசையாக அடுக்கியிருக்கும். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், மங்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அங்கே போனேன்.

டிராகன் சூளையைப் படத்தில் பார்ப்பது வேறு, உள்ளே குனிந்து நுழைவது வேறு. சரிவான நிலத்தில் செங்கல்லால் கட்டிய நீளமான சுரங்கம் அது. கீழ் முனையில் அடுப்பு வாய். மேல் முனையில் புகை போகும் வழி. இரு பக்கச் சுவரிலும் வரிசையாகச் சின்னத் துளைகள். கீழே தீ மூட்டினால் சூடு தானாகச் சரிவில் ஏறும். கீழ்ப்பகுதி வெந்ததும் அடுத்த துளையில் விறகு போடுவார்கள், பிறகு அதற்கடுத்த துளையில். இப்படித் தீ மேல்நோக்கி நகரும். கீழே வெந்து ஆறிக்கொண்டிருக்கும் சாமான்கள் வழியாக வரும் காற்று சூடேறி மேலே போகும். மேலே காத்திருக்கும் பச்சைச் சாமான்களைப் புகைச்சூடு முன்கூட்டியே காய வைத்துவிடும்.

நான் இப்போது பாசிர் கூடாங்கில் வேலை செய்கிறேன். வெப்பப் பரிமாற்றிகள்தான் என் சோறு. வீணாகும் வெப்பத்தைத் திரும்பப் பிடிப்பதற்கு நாங்கள் எத்தனையோ கூட்டம் போடுகிறோம். பல நூற்றாண்டுகளாகச் சீனக் குயவர்கள் ஒரு மண்மேட்டின் சரிவை வைத்தே அதைச் செய்திருக்கிறார்கள். உள்ளே 1,200 டிகிரிக்கு மேல் போகும். வெப்பமானி கிடையாது. துளை வழியாகத் தெரியும் நெருப்பின் நிறத்தைப் பார்த்து விறகு போட வேண்டும்.

அந்த விறகு என்ன மரம்? ரப்பர்க்கட்டையும்தான். இருபத்தைந்து, முப்பது வருடம் வெட்டிப் பால் வற்றிய மரங்களைத் தோட்டம் சாய்க்கும். 1980-களில் ரப்பர்ப் பலகைக்கு நாற்காலி, மேசைச் சந்தை திறக்கும்வரை அந்தக் கட்டைக்கு விறகு என்பதைத் தவிரப் பெரிய மதிப்பு இல்லை. செங்கல் சூளைக்கும் மண்பாண்டச் சூளைக்கும் புகைக்கொட்டகைக்கும் அது போனது. பால் வடித்த மரமே அடுத்த மரத்துக்கான மங்கைச் சுட்டிருக்கிறது.

சாலையோரப் பட்டறை ஒன்றில், எழுபது தாண்டிய ஒரு அங்கிளிடம் மங்கைக் காட்டினேன். மலாயில் பேசினோம். அவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, மங்கின் உள்ளே பெருவிரலை விட்டு மெதுவாகச் சுற்றினார். “கையில இழுத்தது. அச்சு இல்ல,” என்றார். என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். மெருகுக்கு அடியில் மெல்லிய படிகள் சுருளாக ஏறின. சக்கரம் சுற்றச் சுற்ற விரல் மேலே வந்த தடம். பின்னாளில் அச்சில் அழுத்திச் செய்யும் முறை வந்ததும் இந்தத் தடம் போய்விட்டது என்றார். மங்குக்கு எண்ணிக்கைக் கூலியாம். எண்ணி, சூளைக்குப் போய், உடையாமல் வந்ததற்குத்தான் காசு.

எனக்குச் சட்டென்று பாட்டி நினைவு வந்தார். பாட்டிக்கும் அளவுதான். ஸ்டோரில் வரிசையில் நின்று வாளியை இறக்கினால், கிராணி பாலில் மெட்ரலாக் கருவியை விட்டுப் பார்ப்பார். மழைத் தண்ணீர் கலந்திருந்தால் கணக்குக் குறையும். ஒரே கிண்ணத்தின் இரண்டு பக்கத்திலும் எண்ணிக் கூலி வாங்கிய இரண்டு பேர். ஒருவர் ஆயர் ஹீத்தாம் பக்கம், இன்னொருவர் லாயாங் லாயாங் பக்கம். ஒரு மணி நேரத் தூரம். ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

இதைச் சொல்லும்போது ஒரு நண்பர் கேட்டார்: “ஏன், நம்ம ஆளுங்கள்ல குயவர் இல்லையா?” நியாயமான கேள்வி. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடம் செய்யும் ஊர் அது. ஐயனார் கோயில் குதிரை செய்யும் கைகள் தமிழ்நாட்டில் இன்னும் உண்டு. ஆனால் கங்காணி ஊருக்குப் போனது மண்வெட்டி பிடிக்கும் கையைத் தேடி. என்ன தொழில் தெரிந்தவராக இருந்தாலும் கப்பலை விட்டு இறங்கியதும் அவர் தோட்டக்கூலிதான். 1938-இல் இந்திய அரசு உதவியோடு கூலி ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை அப்படித்தான் நடந்தது. கையில் இருந்த தொழில்கள் இங்கே வந்து எத்தனை மறந்தன என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது.

தொழில்நுட்பக் காரணமும் உண்டு. நம்முடைய பானை குறைந்த சூட்டில் வேகும். அதன் சுவரில் நுண்துளை இருக்கும். அதனால்தான் தண்ணீர் குளிர்கிறது. அதே நுண்துளை ரப்பர்ப் பாலுக்கு எதிரி. அதே சமயம் நம் குயவர்கள் முற்றாக இல்லாமலும் போகவில்லை. கோல சிலாங்கூர் கம்போங் குவாந்தானில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பானை வனைகிறார்கள். பொங்கல் அன்று நம் வீட்டு வாசலில் பொங்கும் பானை அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். அதையும் நாம் யார் செய்தது என்று கேட்பதில்லை.

நான் குயவர் குடும்பம் இல்லை. காசு கொடுத்து மண் வாங்கி, காசு கொடுத்துச் சூளை வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமைகளில் வனைகிறேன். வெடித்தால் எனக்கு நஷ்டம் ஒரு சனிக்கிழமைதான். இதை நான் மறைக்க விரும்பவில்லை. ‘கைவினை’ என்று நாம் இப்போது மரியாதையாகச் சொல்லும் வேலையில் பெரும்பகுதி, செய்தவர்களுக்குக் கூலி வேலையாகவே இருந்தது. அந்த அங்கிள் தன்னைக் கலைஞர் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதுகு வலியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

மண்ணோட்டின் அருமை நமக்குத் தெரியாதது இல்லை. கீழடியில் ஒரு ஓட்டில் தமிழி எழுத்து கிடைத்தால் வாட்சாப் குழு அன்று முழுக்க அதிரும். தாய்லாந்தின் பூ காவ் தோங்கில் தமிழ் பிராமி கீறிய பானையோடு கிடைத்த செய்தியை நானே பலருக்கு அனுப்பியிருக்கிறேன். ஜோகூரிலும் ஓடுகளைத் தேடியவர்கள் இருக்கிறார்கள். 1587-இல் போர்த்துகீசியர் அழித்த ஜோகூர் லாமாவில், 1930-களில் சுங்க அதிகாரியாக இருந்த ஜெரால்ட் கார்ட்னர் தோண்டினார். 1960-இல் வில்ஹெல்ம் சோல்ஹைமும் எர்னஸ்டின் கிரீனும் முறையாக அகழாய்வு செய்தார்கள். சுல்தான்கள் சாப்பிட்ட சீனத் தட்டின் துண்டுக்கு எண் போட்டு வைக்கிறோம். நல்லதுதான். ரப்பர்த் தோட்டத்தின் துண்டுகளுக்கு யார் எண் போடுவது?

போன வருடம் பாட்டியின் தோட்டம் இருந்த இடத்துக்குப் போனேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அதுவும் போய்ப் பாதிக்கு மேல் வீடமைப்புத் திட்டம். ஆவணம் ஏதாவது கிடைக்குமா என்று முன்பே விசாரித்திருந்தேன். தோட்ட அலுவலகம் மூடியபோது பதிவேடுகளை எரித்துவிட்டதாகச் சொன்னார்கள். பிரட்டுக்கு நின்றவர்களின் பெயர்கள், கூலிக் கணக்கு, பிறப்பு, இறப்பு எல்லாமே அதோடு போயிருக்கும். லயம் இருந்த இடத்தைக் காட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. கோயில் மட்டும் இடம் மாறி, புதுப் பெயிண்டில் நின்றது.

திரும்பும்போது, மழையில் அரித்த ஒரு கால்வாய்க் கரையில் பழுப்பாக ஏதோ மின்னியது. குனிந்து எடுத்தேன். மங்குத் துண்டு. மண்ணைக் காலால் தள்ளினேன், இன்னொன்று. பிறகு நிறைய. ஒரு பக்கம் மெருகு, ஒரு பக்கம் சொரசொரப்பு. சில துண்டுகளில் விரல் தடம் இருந்தது, சிலவற்றில் இல்லை. கையால் இழுத்த காலமும் அச்சில் அழுத்திய காலமும் ஒரே கரையில் கலந்து கிடந்தன. காகிதத்தை எரிக்கலாம். 1,200 டிகிரியில் வெந்ததை இனி எந்தத் தீயும் லேசில் ஒன்றும் செய்யாது.

பதினேழு துண்டுகள் எடுத்து வந்தேன். கழுவி, எங்கே எடுத்தது, எந்தத் தேதி, தடம் உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி அந்த பிஸ்கட் டின்னில் போட்டிருக்கிறேன். இது ஆராய்ச்சி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஜோகூரில் தோட்டம் இருந்த ஒவ்வொரு இடத்திலும் இந்தத் துண்டுகள் கிடக்கும். இதை வாசிக்கும் உங்கள் பாட்டி வீட்டிலும் ஒரு மங்கு செடித்தொட்டியாகவோ நாய்க்குச் சோறு வைக்கும் தட்டாகவோ இருக்கலாம். தூக்கிப் போடுவதற்கு முன் உள்ளே பெருவிரலை விட்டு ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். எந்தத் தோட்டம், யார் எடுத்து வந்தது என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இப்போதைக்கு இருக்கிறார்கள்.

சுருக்கத்தைக் கணக்குப் பண்ணி, பெரிதாக வனைந்து, நன்றாகக் காய வைத்து, உள்ளே மட்டும் மெருகு பூசி, போன மாதம் ஒரு மங்கு சரியாக வந்தது. அசல் அளவுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பாட்டி கையில் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெருவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றினார், காய்ந்த பாலை உரிப்பது மாதிரி. அந்த அங்கிள் செய்த அதே சுற்று. பிறகு ஜன்னலோரம் அசல் மங்குக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

“ஏன் பாட்டி கவுத்து வச்சிட்டீங்க?”

“வெட்டாத நாள்ல கவுத்துதான் வைக்கணும். மழைத் தண்ணி நிக்கும்ல.”

பாட்டி மரம் வெட்டுவதை விட்டு நாற்பது வருடம் ஆகப்போகிறது.